தேத்தூளுக்குள் ஏழு சங்கீதக் கடிதங்கள்

சங்கீத மேதைகள் தங்கள் கையால் எழுதிய கடிதங்கள் இந்த இலங்கையில் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. கொட்டகலையில் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. அது என் வீடு. ஸ்டேஷனில் இறங்கி யாரிடம் வேண்டுமானாலும் "கடுதாசிக்காரர் வீடு எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். வழி மட்டும் சொல்லி அனுப்ப மாட்டார்கள், கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போவார்கள். வந்ததற்கு ஒரு தேத்தண்ணீர் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பை இரண்டு வருசம் படித்தபடியால் ஆறு வருசப் படிப்பு என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு உரிமை உண்டு. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின லயத்தில் பிறந்தவன். பதினாறு வயதில் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் வேலைக்குப் போனேன். அங்கிருந்து கொழுந்தை உருட்டுகிற ரோலருக்கு இறங்கினேன், ரோலரிலிருந்து அடுப்புக்குப் போனேன், கடைசியில் தூள் சலிக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். தொழிற்சாலையை நடத்துகிற டீமேக்கர் ஐயா ஒரு கை தூளை என் மூக்குக்கு நேரே நீட்டி "சொல்லு" என்பார். என்ன ரகம், அடுப்பில் எவ்வளவு நேரம் நின்றது, வாட்டும்போது மழையா வெயிலா என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவையும் தப்பினதில்லை. அவர் தப்பியிருக்கிறார். அதை அவர் இருக்கும்வரை நான் வெளியில் சொல்லவில்லை. அதுதான் என் குணம்.

பிறகு ஒரு பழைய லொறி, அதற்குப் பிறகு இன்னொன்று, அட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடை. இதெல்லாம் எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு நாள் முழுவதும் சொல்லலாம். இப்போது கடிதக் கதையைச் சொல்கிறேன்.

தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றினார்கள். உள்ளேயிருந்த தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் என் லொறிதான் ஏற்றி இறக்கியது. பியானோவுக்கு முன்னால் போட்டு உட்காருகிற ஸ்டூல் ஒன்று, ஒரு கால் ஆடிக்கொண்டு இருந்தது. யாருக்கும் வேண்டாம் என்றார்கள். எனக்கு வேண்டும் என்றேன். நான் காலுக்கு ஆணி அடித்துக் கொடுத்தேன், என் மனைவி அதில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். மூன்று வருசம் நறுக்கினாள். ஒருநாள் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் "ஏங்க, இது தொறக்குதுங்க" என்று கூப்பிட்டாள். உட்காருகிற பலகை பெட்டி மூடி மாதிரித் திறந்தது. உள்ளே மடித்த காகிதம். மூன்று பக்கம், ஊதா மை. ஓரத்தில் ஐந்து கோடு போட்டு அதன்மேல் புளியங்கொட்டை தெறித்தாற்போலப் புள்ளிகள்.

"மசாலா டின்னுக்கு அடியில போடலாம்போல இருக்கு, நல்ல மொத்தமான தாள்" என்றாள் மனைவி.

அந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் போட்டிருப்பார்கள். எனக்கு மட்டும் ஏதோ தோன்றியது. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவனுக்கு எழுத்தின்மேல் ஒரு மரியாதை இருக்கும். காகிதத்தை எடுத்துக்கொண்டு அட்டனுக்கு பஸ் ஏறி, பல தேசம் போய்ப் படித்துவிட்டு வந்த ஒரு பாதரிடம் காட்டினேன். பாதர் முதல் பக்கத்தை உட்கார்ந்துகொண்டு படித்தார். இரண்டாம் பக்கத்தை எழுந்து நின்று படித்தார். மூன்றாம் பக்கத்தின் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இது யார் எழுதினது தெரியுமா?"

"தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் பாதர் வர்றேன்?"

பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே வாசலில் ஆள் வந்து நிற்பான். ஐரோப்பாவில் பெரிய பெரிய வாத்தியக் கூட்டங்களுக்குப் பாட்டுக் கட்டினவர், செத்து நூறு வருசத்துக்கு மேலாகிறது, அவ்வளவு போதும். அந்த பங்களாவில் குடியிருந்த ஒரு துரைசாணியின் வீட்டாருக்கு அவர் பழக்கமாம்.

"என்ன எழுதியிருக்காரு?" என்றேன். ஏதோ பெரிய ஞானம் வரப்போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பாதர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். துணி துவைக்கிற அம்மா தன்னுடைய மூன்று ஜோடிக் காலுறையில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத் தொலைத்துவிட்டாள். இப்போது கையில் இருப்பது ஒரு கறுப்பு, ஒரு சாம்பல், ஒரு பழுப்பு. வியாழக்கிழமை மேடை ஏற வேண்டும். எந்த இரண்டைப் போட்டாலும் முன்வரிசையில் இருக்கிற சீமாட்டிகள் சிரிப்பார்கள். ஆகவே ஒரு ஜோடி உடனே அனுப்பவும். இப்படியே மூன்று பக்கம். கடைசியில் ஒரே ஒரு வரி: புதிய பாட்டு நன்றாக வந்துகொண்டிருக்கிறது.

அந்த மனுசனை அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. லயத்தில் எட்டுக் குடும்பம் ஒரே கொடியில் துணி காயப்போட்ட காலத்தில் நானும் இதே துன்பத்தை அனுபவித்திருக்கிறேன். எனக்கு எழுதத் தெரியாமல் போனதால் அது சரித்திரத்தில் இடம்பெறவில்லை.

ஒன்று கிடைத்தால் போதும் என்று இருக்கிறவன் ஒரே லொறியோடு நின்றிருப்பான். நான் சேர்க்கத் தொடங்கினேன். அந்த ஹோட்டலில் வந்து தங்கின ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், சங்கீதக்காரர்களின் பழைய கடிதங்களைச் சேர்க்கிறவர், என்னிடம் இருப்பதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். என் கடிதத்தைக் கேட்டார். நான் தரவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் கோப்பையை உற்றுப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விசயம் விளங்கிவிட்டது. இவரிடம் காகிதம் இருக்கிறது, என்னிடம் தூள் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் ஒரு பெட்டி முதல்தரத் தேயிலை அனுப்புவேன், அவர் ஒரே ஆள் எழுதினது தன்னிடம் இரண்டு மூன்று இருந்தால் அதில் ஒரு கடிதம் அனுப்புவார். எங்களுக்குள் பொதுப் பாஷை கிடையாது. போனில் நான் தேயிலையைப் படம் எடுத்து அனுப்புவேன், அவர் கட்டைவிரலை அனுப்புவார். அவர் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புவார், நான் கட்டைவிரலை அனுப்புவேன். இப்படி ஐந்து கடிதங்கள் வந்தன.

ஐந்தையும் பாதர்தான் வாசித்தார். ஒருவர் பல்வலி என்று எழுதியிருந்தார். இன்னொருவர், இரவல் கொடுத்த குடையைத் திருப்பித் தரும்படி கடுமையாக எழுதியிருந்தார். மூன்றாமவர் பக்கத்து வீட்டுக்காரன் ஊதுகிற ஊதுகுழல் தாங்க முடியவில்லை என்று நான்கு பக்கம் அழுதிருந்தார். நான்காவது, விருந்துக்கு வந்த வாத்து சரியாக வேகவில்லை என்பது. ஐந்தாவது "எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது, வர முடியாது" என்ற ஒரே வரி. ஐந்திலும் சங்கீதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு அதில் ஏமாற்றம் கிடையாது. நானும் லொறி ஓட்டின காலத்தில் வீட்டுக்கு எழுதச் சொன்ன கடிதங்களில் லொறியைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

ஏழாவது நம்முடையது. திருச்சிக்குக் கோயில் பார்க்கப் போனபோது ஒரு பழைய பேப்பர் கடையில் கிளறி எடுத்த கார்டு. கீர்த்தனைகள் கட்டின ஒரு பாகவதர் தன் சீடனுக்கு எழுதினது. மற்ற ஆறையும் பாதர்தான் வாசித்துச் சொன்னார், இதை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். மூக்குப்பொடி தீர்ந்துவிட்டதாம். வரும்போது மறக்காமல் வாங்கிவரச் சொல்லியிருந்தார். மறந்தால் வர வேண்டாம் என்றும் இருந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து ஈரம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. மே மாதம் மழை பிடித்தால் சுவர் வியர்க்கும், அலமாரிக்குள் இருக்கிற கல்யாண ஃபோட்டோவில் மாப்பிள்ளைக்குத் தாடி முளைக்கும். பார்த்தால் பூஞ்சணம். காகிதம் நிற்காது. கொழும்பில் படித்தவர்கள் இதற்கு ஏதோ மெசின் வைத்திருக்கிறார்களாம். நான் யோசித்தேன். உலகத்தில் ஈரத்தை இழுக்கிற பொருள் எது? அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கின தேயிலை. திறந்து வைத்தால் பக்கத்தில் இருக்கிற ஈரம், மணம், எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். அதனால்தான் தொழிற்சாலையில் தூள் பக்கத்தில் வெங்காயம் சாப்பிட்டவனைக்கூட விட மாட்டார்கள். ஆகவே, உள்ளே ஈயத்தாள் ஒட்டின பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து, அடியில் தூள், அதன்மேல் கடிதங்கள், மேலே தூள் என்று போட்டு மூடினேன். மாதம் ஒரு தடவை தூளை மாற்றினேன். ஒரு புள்ளி பூஞ்சணம் பிடிக்கவில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மாற்றின தூளை வீசுவதில்லை. மனைவியின் தம்பி வரும்போது அதில்தான் சாயத்தண்ணி, பால் சேர்க்காத தேத்தண்ணீர். அவன் லிந்துலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தவன், அதுவும் எனக்குத் தெரியும்படி படித்தவன். "மச்சான், உங்க வீட்டுத் தேத்தண்ணிக்கு மட்டும் ஒரு தனி வாசம்" என்பான். நானும் "ஆமா மாப்ள, அது பழைய சரக்கு" என்று விட்டுவிடுவேன்.

போன வருசம் பாதர் ஒரு செய்தி கொண்டுவந்தார். கொழும்பில் ஒரு மிஸ், பியானோ கற்றுக்கொடுக்கிறவர், பழைய காகிதங்களைச் சோதிக்கிற படிப்பும் படித்தவர், சங்கீதக்காரர்களின் கடிதங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி போடுகிறாராம். ஒவ்வொரு கடிதத்துக்குப் பக்கத்திலும் ஓர் அட்டை இருக்கும். அதில் கடிதம் எழுதினவர் யார், அதை வைத்திருக்கிறவர் யார், எந்த ஊர் என்று மூன்று பாஷையிலும் அச்சடித்திருக்கும்.

என் பெயர் இதுவரை அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். அதிலும் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. லொறியில் இருக்கிற பெயர் பெயின்டர் எழுதினது, அது கணக்கில் வராது. கொழும்பில், கண்ணாடிக்குள், மேதைக்குப் பக்கத்தில் என் பெயரும் கொட்டகலையும் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்துவிட்டது. எழுபத்திரண்டு வயதில் வருகிற ஆசை சும்மா இருக்காது.

மிஸ் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வதாக இருந்தார். நான் அதற்குள் பஸ் பேசிவிட்டேன். ஐம்பத்திரண்டு சீட். மஸ்கெலியாவிலிருந்து என் பக்கத்துச் சொந்தம், லிந்துலையிலிருந்து மனைவி பக்கத்துச் சொந்தம், கொட்டகலைக் கடைத்தெருவிலிருந்து நான்கைந்து பேர், என் கடைக்குப் பக்கத்துப் புடவைக்கடை முதலாளி குடும்பத்தோடு. மனைவி புதுச் சேலை எடுத்துவிட்டாள். வளைவில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு எலுமிச்சம்பழம் கூட வாங்கி வைத்தாயிற்று.

"மொதல்ல அந்த அம்மா வந்து பாக்கட்டும் மச்சான்" என்றான் மச்சினன். "இல்லேன்னு சொல்லிட்டா இந்த ஐம்பது பேரையும் எங்க கொண்டுபோய் இறக்குவீங்க?"

"மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டுபோறேன். ஒன்னையும் அங்கயே விட்டுட்டு வர்றேன்."

மிஸ் ரயிலில் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், சின்னப் பை, அதற்குள் வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி, ஒரு சின்ன விளக்கு. கூட பாதர். மச்சினனையும் வரச் சொல்லியிருந்தேன், அவனுக்கு வழக்கம்போல மாற்றின தூளில் சாயத்தண்ணி. அவன் முன்னால் வெற்றி பெறாவிட்டால் வெற்றி எதற்கு? முன்னறையில் மேசையைத் துடைத்து, வெள்ளை வேட்டி விரித்து, பெட்டியைத் தூக்கி வைத்தேன். மூடியைத் திறந்து, தூளைத் தட்டி, ஏழு கடிதங்களையும் வரிசையாகப் பரப்பினேன்.

மிஸ் காலுறைக் கடிதத்தைக் கையுறை போட்ட விரலால் எடுத்தார். வெளிச்சத்தில் பார்த்தார். ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. அது எனக்கும் தெரியும். கண் ஆப்பரேசனுக்காக இரண்டு மாதம் தூள் மாற்றாமல் விட்டிருந்தேன், அந்த நேரத்தில் தூள் ஈரத்தைக் குடித்துக் கசிந்துவிட்டது. மிஸ் கடிதத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். மோந்தார். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து மோந்தார். ஏழையும் மோந்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஐயா, குறை நினைக்க வேண்டாம்" என்றார். "போலிக் கடிதம் செய்யிற ஆக்கள் முதல்ல செய்யிறது இதுதான். புதுத் தாளைத் தேயிலைச் சாயத்தில தோய்ச்சுக் காய வைப்பாங்க. பார்க்க நூறு வருசத்துப் பழசு மாதிரி வந்திடும். மணம்தான் காட்டிக்கொடுக்கும். இது எல்லாமே தேயிலை மணக்குது. யாரோ உங்கள நல்லா ஏமாத்தியிருக்காங்க."

பாதர் முறுக்கை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். மனைவி புதுச் சேலை இருக்கிற அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மச்சினன் மட்டும் கோப்பையைத் தூக்கி மோந்து பார்த்தான், பிறகு கடிதத்தைக் குனிந்து மோந்தான், பிறகு மறுபடி கோப்பையை மோந்தான்.

"மச்சான்," என்றான் மெதுவாக, "ரெண்டும் ஒரே வாசம்."

"அத அப்பறம் பேசிக்கலாம்" என்றேன்.

நான் மிஸ்ஸிடம் பெட்டியைக் காட்டினேன். ஈரம், தூள், அடுப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் மரியாதையாகக் கேட்டார். ஆனால் நம்புகிற முகம் இல்லை. "அப்படியும் இருக்கலாம் ஐயா. ஆனா கண்காட்சியில வைக்கிறதெண்டா எனக்கு நிச்சயம் வேணும்" என்றார். பையை மூடத் தொடங்கினார்.

வேறு எந்த விசயத்திலும் என்னைத் தோற்கடிக்கலாம். இங்கிலீசில், கணக்கில், சங்கீதத்தில், எதில் வேண்டுமானாலும். ஆனால் தேயிலையில், அதுவும் என் வீட்டு முன்னறையில்?

"மிஸ், ஒரே ஒரு நிமிசம். தேயில எப்ப சாயம் விடும்? சுடுதண்ணி பட்டாத்தான் நல்லா விடும். ஈரத்துல சும்மா கெடந்தா தொட்ட ஓரத்துல கொஞ்சம் கசியும், வாசத்தக் குடுக்கும். இந்தத் தாள முழுசாச் சாயத்துல முக்கியிருந்தா, இந்த ஊதா மை என்னாகியிருக்கும்? கரஞ்சு ஓடியிருக்கும். ஓடலையே! எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி அப்படியே நிக்கிதே!"

"மை கரையும் எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இப்பத் தெரிஞ்சுக்கலாம்" என்று மச்சினனின் கோப்பைக்குள் கரண்டியைவிட்டு, ஒரு சொட்டு எடுத்து, காலுறைக் கடிதத்தின் முதல் பக்கத்து இடது மூலையில் விட்டேன்.

மிஸ் கத்தின சத்தத்துக்குத் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

மை ஓடியது. எப்படி ஓடியது! ஒரு சொல் முழுவதும் ஊதாக் குளமாகி, கீழ்வரிக்கு இறங்கி, அங்கே இருந்த இன்னொரு சொல்லையும் கூட்டிக்கொண்டு போனது. பாதர் சிலுவை போட்டுக்கொண்டார். மிஸ் பையைக் கொட்டி, ஒற்றுத்தாளைத் தேடி எடுத்து, குழந்தைக்குக் காயம் துடைக்கிற மாதிரி ஒற்றி ஒற்றி எடுத்தார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"பாத்தீங்களா? கரையுது!" என்றேன். "அப்ப இது சாயத்துல முக்கின தாள் இல்ல!"

மிஸ் கறையை உற்றுப் பார்த்தார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. நான் மச்சினனைப் பார்த்து மீசையைத் தடவினேன். அந்த நேரம் பார்த்து அவன் வாயைத் திறந்தான்.

"மொதல்ல வெறும் தாளச் சாயத்துல முக்கிக் காயவச்சிட்டு, அதுக்கப்பறம் எழுதியிருந்தா? அப்பயும் மை ஓடியிருக்காதே மச்சான்."

வெளியில் ரயில் ஒன்று போனது. பஸ், சேலை, எலுமிச்சம்பழம், அட்டை எல்லாம் அந்த ரயிலிலேயே ஏறிப் போகிற மாதிரி எனக்கு இருந்தது. அவன் சொன்னது சரி. முப்பது வருசம் பிள்ளைகளுக்குக் கேள்வி போட்டவன் என் வீட்டில் வந்து போட்டான் ஒன்று.

"டேய்" என்றாள் மனைவி தம்பியைப் பார்த்து. "ஒனக்கு முறுக்கு வேணுமா வேணாமா?"

"உண்மையத்தான் சொன்னேன்கா."

"எங்கிட்ட முறுக்கு இருக்கு. உண்மை ஒனக்கு எதுக்கு?"

நான் கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மிஸ் அதைக் காய்வதற்காகத் திருப்பிப் போட்டு, நடு மடிப்பை அகலத் திறந்தார். அப்போது என் கண்ணில் பட்டது. ஆப்பரேசன் செய்த கண், அதனால் நன்றாகவே பட்டது. மடிப்புக்கு உள்பக்கம் வெள்ளையாக இருந்தது. தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை. வெளி ஓரத்தில் மட்டும்தான் பழுப்பு.

"மாப்ள" என்றேன். "தாளச் சாயத்துல முக்கினா, உள்பக்கம் எந்த வண்ணான் வந்து வெளுத்தான்?"

மச்சினன் குனிந்தான். பாதர் குனிந்தார். மிஸ் பூதக்கண்ணாடியை எடுத்தார். மற்ற ஐந்து கடிதங்களையும் ஒவ்வொன்றாக விரித்தார். எல்லாவற்றிலும் தூள் தொட்ட ஓரம் பழுப்பு, தொடாத மடிப்பு வெள்ளை. பாகவதருடைய கார்டு மட்டும் மடிப்பில்லாதது. அதில் தபால் முத்திரைக்கு மேலேயே பழுப்பு ஏறியிருந்தது. முத்திரை குத்தின பிறகுதானே ஏறியிருக்க வேண்டும் என்று மிஸ்ஸே சொன்னார். காலுறைக் கடிதத்தின் மடிப்பு ஓரத்தில் ஒரு துளி தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் எடுத்து நாக்கில் வைத்தேன்.

"டஸ்ட் ரகம். மழைக்காலத்துக் கொழுந்து. அடுப்புல கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க. போன ஆடியில நான் போட்டது."

மிஸ் கையுறையை மறுபடியும் போட்டுக்கொண்டார். அந்தக் கையுறை ஏறினதைப் பார்த்த சந்தோசம் என் மகள் கல்யாணத்தில்கூட எனக்கு வந்ததில்லை. இதை மகளிடம் சொல்ல வேண்டாம்.

"எழுத்தையும் தாளையும் கொழும்பில வச்சு இன்னும் பார்க்க வேணும்" என்றார். "ஆனா நீங்க சொல்றது சரி ஐயா. இது சாயம் போட்ட தாள் இல்ல." பிறகு கடிதத்தின் மூலையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "மடிப்ப முதல்லயே விரிச்சுக் காட்டியிருக்கலாமே ஐயா. அந்தச் சொட்டு விட்டிருக்கத் தேவையே இல்லையே."

எனக்கும் அது அப்போதுதான் உறைத்தது. ஆனால் முகத்தில் காட்டவில்லை. "ரெண்டு சாட்சி இருந்தா நல்லதுதானே மிஸ்" என்றேன்.

மிஸ் ஏழையும் கொழும்புக்குக் கொண்டுபோய், மூன்று வாரம் கழித்துப் பாதரின் போனுக்குச் செய்தி அனுப்பினார். எழுத்து அந்த மேதையுடையதுதான். தாளும் அந்தக் காலத்ததுதான். மூன்று கடிதங்களை எடுத்துக்கொள்கிறார்கள்: காலுறை, குடை, மூக்குப்பொடி. ஆனால் காலுறைக் கடிதத்தில் இப்போது பெரிய கறை இருப்பதால், அது எப்படி வந்தது என்பதை அட்டையில் எழுதியே ஆக வேண்டுமாம். அதுதான் அவர்களுடைய முறையாம். பெயரை எடுத்துவிட்டு "உரிமையாளர் ஒருவர்" என்று மட்டும் போடட்டுமா, உங்களுக்கு வெட்கமாக இருக்குமே என்று மிஸ் கேட்டிருந்தார்.

"வெக்கமா?" என்றேன். "பாதர், பேர முழுசாப் போடச் சொல்லுங்க. ஊரையும் போடச் சொல்லுங்க. எழுத்து விட்டுப்போகாம பாத்துக்கச் சொல்லுங்க."

பஸ் புறப்பட்டது. கினிகத்தேனை வளைவுகளில் பதினோரு பேர் வாந்தி எடுத்தார்கள். எலுமிச்சம்பழம் பத்தவில்லை. மச்சினன்தான் முதல் ஆள். கொழும்பில் இறங்கி, எல்லோரும் முகம் கழுவி, பெண்கள் பூ வைத்து, பெரிய மண்டபத்துக்குள் வரிசையாக நுழைந்தோம். வாசலில் நின்ற காவலாளி எங்களைப் பார்த்துவிட்டு, கல்யாண மண்டபம் அடுத்த கட்டடம் என்று சிங்களத்தில் சொன்னார். கடிதம் பார்க்க வந்தோம் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். ஐம்பது பேருமா என்றார். ஐம்பத்திரண்டு என்றேன்.

உள்ளே முப்பது நாற்பது கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அட்டை. எல்லா அட்டையிலும் கடிதம் கொடுத்தவர் பெயர் கீழே, கடைசி வரியில், சின்னதாக இருந்தது. குடைக்கும் மூக்குப்பொடிக்கும்கூட அப்படித்தான். காலுறை அட்டையில் மட்டும் என் பெயர் நட்டநடுவில் இருந்தது. மச்சினனை விட்டு வாசிக்கச் சொன்னேன். அவனும் பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி உரக்க வாசித்தான்: இடது மூலையில் காணப்படும் தேநீர்க் கறை, இக்கடிதம் உண்மையானது என்பதை நிரூபிக்கும் முயற்சியில், அதன் உரிமையாளரான கொட்டகலையைச் சேர்ந்த இன்னாரால் ஏற்படுத்தப்பட்டது. இன்னார் என்று நான் இங்கே எழுதுகிறேன். அங்கே முழுப்பெயர். ஓர் எழுத்தும் விட்டுப்போகவில்லை. மூன்று பாஷையிலும் எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

மற்றப் பெட்டிகளுக்கு முன்னால் ஒருவர் இருவர்தான் நின்றார்கள். எங்கள் பெட்டிக்கு முன்னால் கூட்டம். எங்கள் ஆட்களைக் கழித்தாலும் கூட்டம்தான்.

"ஏங்க" என்றாள் மனைவி என் காதில். "எல்லாரும் எழுத்தப் பாக்குறாங்களா, நீங்க ஊத்துனதப் பாக்குறாங்களா?"

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு."

அப்போது கோட்டும் டையும் போட்ட ஒரு பெரிய மனிதர் வந்தார். சங்கீதம் தெரிந்தவர் மாதிரி இருந்தது, கடிதத்தின் ஓரத்தில் இருந்த ஐந்து கோட்டைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்தார். பிறகு மூலைக்கு வந்தார். நின்றார். அட்டையை வாசித்தார். முகம் சிவந்துவிட்டது.

"எந்த மடையன் இதைச் செய்தது?" என்று சத்தமாகவே கேட்டார்.

என்னோடு வந்த ஐம்பத்தொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனேன்.

"நான்தாங்க" என்று கையை நீட்டினேன். "கொட்டகலை. ஒங்க பின்னால இருக்குற அட்டையில பேர் இருக்கு."

அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கொடுத்துவிட்டார். நான் விடவில்லை. மச்சினனைக் கூப்பிட்டு, அட்டையும் கடிதமும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அவன் மூன்று எடுத்தான். மூன்றிலும் அந்தப் பெரிய மனிதர் சிரிக்கவில்லை. நான் நன்றாகச் சிரித்திருக்கிறேன்.